பெற வேண்டியவர்

ஆண்டவரே, நாலே காலுக்கு அடிக்கும் கைப்பேசியை
முதலில் உம்மிடம் கொடுத்தேன்.
அது அடிக்கும் முன்பே எழுப்பிவிடுகிறீர்.
கேட்டதற்குக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டீர்.

பிறகு பாயா தெருபோங் அடுக்குமாடியின் மின்தூக்கி.
பதினான்காம் மாடி. வாரத்தில் மூன்று நாள் அது அசையாது.
படிக்கு ஒரு பெயராக இறங்குவேன்:
மகன் இம்மானுவேல், அவன் விரட்டி ஓட்டும் மோட்டார்,
அவனுக்கு இன்னும் வராத நிரந்தர வேலை,
ஒன்பதாம் மாடி ஆ மூய் அக்காவின் முழங்கால்.
தரைக்கு வரும்போது பெயர்கள் தீர்ந்து
வெறும் மூச்சுதான் மிச்சம்.
அதையும் வைத்துக்கொள்ளும்.

தொழிற்சாலை பஸ்ஸில் பாதித் தூக்கம்,
பாயான் லெப்பாஸ் சிவப்பு விளக்கில் பாதி ஜெபம்.
உள்ளே வெள்ளை உடுப்பு. தலை, வாய், கை, கால் எல்லாம் மூடி
கண் மட்டும் தெரியும் அறை.
நான் உம்மோடு பேசுவது சூப்பர்வைசருக்குத் தெரியாது.
முகமூடி அசைகிறதே, பபிள்கம் மெல்கிறாள் என்று
ஒருமுறை எழுதியே கொடுத்துவிட்டார்.
நுண்ணோக்கியின் கீழே தட்டு மேல் தட்டு,
தூசி விழுந்ததைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.
கண் கெட்டுக்கொண்டு வருகிறது. கண்ணும் உம்முடையது.

கட்டிலின் காலிப் பாதியைக் கொடுக்க
ஏழு வருஷம் ஆனது.
கொடுத்தேன்.

எல்லாம் தந்துவிட்டேன் என்று
பதினொன்றரைத் தமிழ் ஆராதனையில் சாட்சி சொன்னேன்.
கை தட்டினார்கள்.
கைப்பைக்குள் அந்தப் புத்தகம் இருந்தது.

அட்டையில் மூன்று ஐந்து போட்ட குட்டிப் புத்தகம்,
மளிகைக் கடையில் எழுபது காசு.
பன்னிரண்டு பேர் கூட்டு. மாதம் இருநூறு. நான் தலை.
இரண்டாம் மாதமே எடுத்தாள் ரூபாவதி,
மகளுக்குக் கல்லூரி என்று.
பிறகு அவள் எண் மாறியது, வேலை மாறியது, வீடு மாறியது.
மீதிப் பத்து மாதமும் என் சம்பளத்தில் போட்டேன்.
இரண்டாயிரம் வெள்ளி.

சபையே சேர்ந்து சொல்லும் அந்த ஜெபத்தில்
கடனாளிகள் என்ற இடம் வரும்போது
என் உதடு அசையும், சத்தம் வராது.
முகமூடி போட்டே பழகியவள் நான்.

போன வாரம் ஃபார்லிம் பசார் மாலாமில் அவளைப் பார்த்தேன்.
இளைத்திருப்பாள், கறுத்திருப்பாள் என்றுதான்
மனசுக்குள் வரைந்து வைத்திருந்தேன்.
இல்லை. நன்றாயிருந்தாள்.
கொய்யாவுக்குப் பேரம் பேசிச் சிரித்துக்கொண்டு,
காதில் புதுக் கம்மல்.
மூன்று கடை தூரம் பின்னாலேயே போனேன்.
கைப்பைக்குள் என் விரல் புத்தகத்தை நெரித்தது.
சத்தே கடைப் புகை கண்ணில் அடித்தது,
துடைத்துவிட்டுப் பார்த்தால் ஆளில்லை.

அன்றிரவு உம்மோடு சண்டை.
நொந்து வந்து நின்றிருந்தால் மன்னித்திருப்பேனே,
கம்மலோடு நிற்கிறவளை எப்படி?
நீர் ஒன்றும் சொல்லவில்லை.
மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

கிழிக்க மனசில்லை.
தந்துவிட்டாள் என்று பொய் எழுதவும் வரவில்லை.
தர வேண்டியவர்: ரூபாவதி. தொகை அப்படியே.
பெற வேண்டியவர் என்ற இடத்தில்
என் பெயரை அடித்துவிட்டு
உம் பெயரை எழுதினேன்.
மை பிடிக்கவில்லை,
இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.

இனி அவள் உமக்குத் தர வேண்டியவள்.
நீர் கேட்பீரோ, விட்டுவிடுவீரோ.
விட்டுவிடுவீர் என்றுதான் பயமாயிருக்கிறது.

ஞாயிறு அந்த இடம் வந்தது.
எல்லாரும் கடந்துபோன பிறகு
ஒரு சொல் பிந்தி, தொண்டை கரகரக்கச் சொன்னேன்.
முன்வரிசைப் பிள்ளை ஒன்று திரும்பிப் பார்த்தது.

திங்கள். நாலே காலுக்கு முன்பே விழிப்பு.
மின்தூக்கி அசையவில்லை.
பதின்மூன்றாம் மாடித் திருப்பத்தில்
பட்டியலில் இல்லாத ஒரு பெயர் வாயில் வந்தது.
நின்றுவிட்டேன்.
இரவு மழையில் கைப்பிடி ஈரமாயிருந்தது.
அதைப் பிடித்துக்கொண்டு
அடுத்த படியில் கால் வைத்தேன்.